விலையின் போக்கும் வணிகரின் கணிப்பும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியம் பற்றியும் சமயம் பற்றியும் அறிஞர் பெருமக்கள் உரையாற்றக் கேட்டு மகிழ்ந்து வந்துள்ளோம். இவ்வாண்டு, சரக்கு அலுவலகத்தில் பதிவேடும் இரசீதுமாகக் காலங்கழிக்கும் நம்மை அழைத்து, "உமக்குத் தெரிந்த ஏதேனும் ஒன்றைப் பற்றிப் பேசும்" என்று செயலாளர் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கு நன்றாகத் தெரிந்த பொருள் வெங்காயம் ஒன்றே. நாசிக் மாவட்டத்து வெங்காயம் வாகன்களில் ஏறுவதை இருபது ஆண்டுகளாகக் கணக்கெழுதி வருகிறோம். ஆதலின் வெங்காயத்திலிருந்தே தொடங்குகிறோம். முடியுமிடம் வேறாக இருக்கும், பொறுத்தருள்க.

இவ்வுரைக்குக் காரணமாக அமைந்தது நம் காலனியில் அன்றாடம் காணும் ஒரு காட்சி. இரவு உணவு முடிந்ததும் பூப்பந்து மைதானத்துச் சுவரின்மேல் இளைஞர் நால்வர் அமர்ந்து, கைப்பேசியில் சிவப்பும் பச்சையுமான கோடுகளை உற்று நோக்குகின்றனர். "இங்கே வந்து தொட்டுத் திரும்பியிருக்கிறது, நாளை ஏறும்" என்கிறார் ஒருவர். "இல்லை, உடைத்துக்கொண்டு இறங்கும்" என்கிறார் மற்றொருவர். இருவரும் நம் பிள்ளைகளே. இருவரில் ஒருவர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பணத்தை அதில் இட்டிருக்கிறார் என்பதை அவருடைய தாயார் நம் இல்லத்தில் வந்து கூறியபோது, இது விளையாட்டன்று என்பது விளங்கிற்று. சென்ற விலைகளின் போக்கைக் கண்டு, வரும் விலையை ஒருவர் கூற இயலுமா? இதுவே நம் கேள்வி.

வெங்காயத்துக்கு வருவோம். 1947ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் லாசல்காவ் விற்பனைக்கூடத்தைக் காணாதவர் ஒருமுறை சென்று காணவேண்டும். டிராக்டர்களின் பின்வண்டிகளில் குவித்த வெங்காயம் வரிசையாக நிற்கும். வணிகர் கூட்டம் ஒவ்வொரு வண்டியாக நகர்ந்து செல்லும். ஒருவர் கைநிறைய அள்ளிப் பார்ப்பார், தோலை நெரித்துப் பார்ப்பார், குவிண்டாலுக்கு இவ்வளவு என்று குரல் எழும், சில விநாடிகளில் அடுத்தவர் ஏற்றுவார், முடிந்தது. அவ்விலை அன்றே நாடெங்கும் பரவுகிறது. நாம் பிறந்த நாட்டில் பெல்லாரி வெங்காயம் என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் விலையும் பல திங்கள்களில் இங்குதான் பிறக்கிறது.

இவ்விலைக்கு ஒரு போக்கு உண்டு. அதை மறுப்பவர் எவருமிலர். ரபிப் பருவத்து வெங்காயம் மார்ச்சு முதல் மே வரை அறுவடையாகிறது. ஆண்டு விளைச்சலில் பெரும்பகுதி அதுவே. மூங்கில் தட்டி வேய்ந்த 'காந்தா சாள்' எனும் கொட்டகைகளில் காற்றோட்டமாக அதை இருப்பு வைத்து, அடுத்த கரீப் விளைச்சல் அக்டோபர், நவம்பரில் வரும்வரை சிறிதுசிறிதாக விற்கின்றனர். ஆகவே ஏப்ரல், மே திங்கள்களில் விலை தாழ்ந்தும், ஆகஸ்டுக்குப் பின் உயர்ந்தும் நிற்பது பெரும்பாலான ஆண்டுகளில் காணும் நடைமுறை.

இங்கே ஓர் ஐயம் எழும். மே திங்களில் மலிவு, அக்டோபரில் ஏற்றம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியுமாயின், எல்லோரும் மே திங்களில் வாங்கி அக்டோபரில் விற்றுச் செல்வராகலாமே? ஆகார். கொட்டகையில் கிடக்கும் வெங்காயம் நாள்தோறும் எடை குறைகிறது, ஒரு பகுதி அழுகுகிறது, மழைக்காலத்தில் முளைவிடுகிறது. போட்ட பணத்துக்கு வட்டி ஏறுகிறது. அக்டோபரின் ஏற்றத்தில் பெரும்பகுதி இவ்விழப்புகளுக்கான கூலியே. அதற்குமேல் மிகுந்த இலாபம் உறுதியாகக் கிடைப்பதாயின், மேலும் பலர் இருப்பு வைப்பர், மே விலை அப்போதே ஏறும், அக்டோபர் விலை இறங்கும், இலாபம் கரையும்.

இதை நம் நிலையத்திலேயே காணலாம். பயணச்சீட்டு வழங்கும் நான்கு சாளரங்களில் ஒன்றில் கூட்டம் குறைவாக இருப்பதை ஒருவர் கண்டு நகர்ந்தால் அவருக்கு இலாபம். எல்லோரும் கண்டு நகர்ந்தால், அச்சாளரம் கூட்டம் குறைந்த சாளரமாக நில்லாது. சந்தையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த போக்கின் கதியும் இதுவே.

உழவரும் இப்போக்கில் ஏமாறுகின்றனர். ஓராண்டு விலை ஏறினால் அடுத்த பருவத்தில் எல்லோரும் வெங்காயமே நடுகின்றனர், விளைச்சல் பெருகி விலை வீழ்கிறது, வெறுத்து நடவைக் குறைக்கின்றனர், மீண்டும் ஏறுகிறது. பொருளியல் நூலார் இதனைச் சிலந்திவலைத் தத்துவம் என்பர். அமெரிக்கப் பொருளியலறிஞர் மொர்தெகாய் எசக்கியேல் 1938இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். சென்ற ஆண்டின் விலையை இவ்வாண்டின் விலையாகக் கொண்டு நட்டவர் கண்டது இது.

நிற்க. இனி நம் சொந்தக் கதையொன்றைச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் இவ்வுரை நேர்மையாகாது.

நம் மைத்துனர் திருச்சிராப்பள்ளியில் வெங்காய மண்டி வைத்திருக்கிறார். காலையில் தொலைபேசியில் அழைப்பார். "அத்தான், நேற்று எத்தனை ரேக் ஏறிற்று?" என்பார். சொல்வோம். நடைபாலத்தில் நிற்கும் எவரும் எண்ணக்கூடியதே ஆகலின் அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். ஆனால் எண்ணிக்கையோடு நாம் நிற்கவில்லை. நாளடைவில் கருத்தும் கூறத் தொடங்கினோம்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் மழை பொய்த்தது. கரீப் பயிர் தாமதமாயிற்று. கொட்டகை இருப்பும் தீர்ந்துகொண்டு வந்தது. அக்டோபரில் ஏறிய விலை, நவம்பரில் சற்றே அசைந்தாலும் உயரத்திலேயே நின்றது. ஆகஸ்டு 19ஆம் நாள் அரசு ஏற்றுமதிக்கு நூற்றுக்கு 40 வரி விதித்திருந்தது. அக்டோபர் இறுதியில், டன் 800 டாலருக்குக் குறைவாக ஏற்றுமதி செய்யலாகாது என்றும் ஆணையிட்டது. இவை எச்சரிக்கைகள் என்பது இன்று விளங்குகிறது. அன்று நம் கண் விலையின் கோட்டின்மேல் இருந்தது, ஆணையின்மேல் இல்லை. "ரேக்குகள் குறைந்துவிட்டன, தம்பி. இனி ஏற்றந்தான், ஐயமில்லை" என்று திசம்பர் முதல் வாரத்தில் கூறினோம். அவர் கிலோ 40 ரூபாய் வீதம் இரண்டு லாரி வாங்கினார். 32 டன்.

திசம்பர் 7ஆம் நாள் இரவு, ஏற்றுமதி அறவே தடை செய்யப்பட்டது. கடல் கடந்து செல்லவேண்டிய சரக்கு முழுதும் உள்நாட்டுச் சந்தைமேல் திரும்பிற்று. ஏலங்கள் நிறுத்தப்பட்டன, உழவர்கள் மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையை மறித்தனர். விலை சரிந்தது. மைத்துனரின் சரக்கு கைமாறி முடிந்தபோது கிலோவுக்கு 12 ரூபாய் நட்டம். மொத்தம் ஏறத்தாழ 4 இலட்சம் ரூபாய். தங்கையின் திருமணத்துக்கென வைத்திருந்த தொகை அது. அவர் நம்மீது ஒரு சொல்லும் குறைகூறவில்லை. அதுவே நமக்குப் பெருந்துன்பமாயிற்று.

அக்கோட்டில் பிழையில்லை. சென்ற நாட்களின் விலை அதில் செவ்வனே எழுதப்பட்டிருந்தது. தில்லியில் எழுதப்படவிருந்த ஆணை அதில் இல்லை, இருக்கவும் முடியாது. 2019 செப்டம்பர் 29, 2020 செப்டம்பர் 14 ஆகிய நாட்களிலும் இவ்வாறே தடையாணை வந்ததுண்டு. 1998இல் வெங்காய விலையேற்றத்தின் நடுவே தில்லி மாநிலத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றதை மறவாத அரசுகள், விலை ஏறும்போதெல்லாம் கைவைக்கின்றன. எனவே வெங்காயத்தில் விலையேற்றமே விலையிறக்கத்தை அழைத்து வருவதும் உண்டு. 2024 அக்டோபரில் லாசல்காவ் நிலையத்திலிருந்து 1,600 டன் வெங்காயம் அரசு கையிருப்பிலிருந்து ஒரே ரேக்கில் தில்லிக்குச் சென்றது. 'காந்தா எக்ஸ்பிரஸ்' என்று செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. விலை குறையவேண்டும் என்பதற்காகவே ஓடிய வண்டி அது.

இனிப் பங்குச் சந்தைக்கு வருவோம். இளைஞர்கள் நோக்கும் சிவப்பு, பச்சைப் படங்களுக்கு 'மெழுகுவர்த்திப் படம்' என்று பெயர். இக்கலை ஜப்பானிய அரிசி வணிகரிடமிருந்து வந்ததென்பது மரபுவழிச் செய்தி. ஒசாகா நகரின் தோஜிமா அரிசிச் சந்தை 1730இல் அந்நாட்டு அரசின் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் சார்லஸ் டோ என்னும் இதழாசிரியர் பங்கு விலைகளின் போக்கை அலைகளுக்கு ஒப்பிட்டு எழுதினார். கோடு பார்க்கும் கலை பழமையானது; எள்ளி நகையாடத்தக்கதன்று. ஆனால் அது பலிக்கிறதா என்று எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு.

ஆல்பிரட் கௌல்ஸ் என்பார் தம் குடும்பச் சொத்தை மேற்பார்த்து வந்தவர். 1929ஆம் ஆண்டின் வீழ்ச்சியை ஆலோசகர் எவரும் முன்கூட்டிக் கூறவில்லையே என்று வியந்து, அவர்களுடைய ஆலோசனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டார். 1933இல் முடிவை வெளியிட்டார். அவர்களுள் பெரும்பாலோர் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுப்பவரைவிடச் சிறந்தவராகக் காணப்படவில்லை. 1953இல் மாரிஸ் கெண்டல் என்னும் ஆங்கிலப் புள்ளியியலறிஞர், பிரிட்டிஷ் பங்குகள், சிக்காகோ கோதுமை, நியூயார்க் பஞ்சு ஆகியவற்றின் பழைய விலைகளை ஆராய்ந்தார். ஒழுங்கான ஏற்ற இறக்கச் சுழற்சி கிடைக்குமென்று தேடியவர்க்குக் கிடைத்தது வேறு. இவ்வார மாற்றத்திலிருந்து அடுத்த வார மாற்றத்தைக் கூறுவதற்குப் பயன்படும் தொடர்பு ஏறக்குறைய எதுவும் காணப்படவில்லை.

ஆயினும் ஒருதலையாகப் பேசுதல் முறையன்று. 1993இல் நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் என்னும் இரு பேராசிரியர்கள், 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கப் பங்குகளை ஆராய்ந்து, ஆறு திங்களாக நன்கு ஏறிய பங்குகள் அடுத்த ஆறு திங்களிலும் மற்றவற்றினும் மிகுதியாக ஏறும் இயல்புடையன என்று காட்டினர். போக்கு என்பது முழுப்பொய் அன்று என்பதற்கு அது சான்று. ஆனால் இளைஞர்கள் இதைக் கூர்ந்து நோக்கவேண்டும். அவர்கள் ஆராய்ந்தவை நூற்றுக்கணக்கான பங்குகள், ஒன்றிரண்டல்ல. காலம் திங்கள் கணக்கு, நிமிடக் கணக்கன்று. கிடைத்த ஆதாயத்தில் ஒரு பகுதி பின்வந்த ஈராண்டில் கரைந்தும் போயிற்று. வீழ்ச்சிக்குப்பின் சந்தை திடீரெனத் திரும்பும் வேளைகளில், 2009இல் நிகழ்ந்ததுபோல், இம்முறையைப் பின்பற்றியோர் பெருநட்டம் அடைந்ததும் உண்டு. சந்தை விலையில் எல்லாச் செய்தியும் அடங்கியுள்ளது என்ற யூஜின் பாமாவுக்கும், அவ்வாறன்று, சந்தை மயக்கத்துக்கும் ஆட்படும் என்ற இராபர்ட் ஷில்லருக்கும், லார்ஸ் ஹேன்சனோடு சேர்த்து, 2013இல் பொருளியல் நோபல் பரிசு ஒன்றாகவே வழங்கப்பட்டது. பெரியோரே உடன்படாத இடத்தில் நம் காலனிச் சுவர்மேல் தீர்ப்புக் கிடைக்குமென்று நாம் எதிர்பார்க்கவில்லை.

மும்பை நகருக்குச் செல்வோர் இராஜாபாய் கோபுரத்தைக் கண்டிருப்பீர்கள். அது பிரேம்சந்த் ராய்சந்த் என்னும் பெருவணிகர் அளித்த நன்கொடையால் எழுந்து, அவர்தம் அன்னையின் பெயர் தாங்கி நிற்பது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்து செல்லும் பஞ்சு நின்றபோது, பம்பாய்ப் பஞ்சின் விலை விண்ணைத் தொட்டது. பணம் குவிந்தது, கம்பெனிகள் முளைத்தன, கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனியின் பங்கு செலுத்திய தொகைக்குப் பன்மடங்கு விலை போயிற்று. நான்கு ஆண்டு ஏறிய கோடு அது. நான்கு ஆண்டைவிட நம்பத்தக்க போக்கு வேறெது? 1865 ஏப்ரலில் போர் முடிந்தது. பஞ்சு வீழ்ந்தது, பங்குகள் வீழ்ந்தன, பிரேம்சந்தும் நொடித்தார். அமெரிக்கப் போர்க்களத்தில் நிகழவிருந்ததை பம்பாய்ப் பங்கு விலை எவ்வாறு அறியும்?

அதே பஞ்சிலிருந்து பிறந்த இன்னொரு கதையும் உண்டு. தாய்மார்கள் முன்னிலையில் சூதாட்டம் பற்றிப் பேசுவதற்கு மன்னிக்கவேண்டும். நியூயார்க் பஞ்சுச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்திவழி பம்பாய்க்கு வரும். அவ்வெண்களின்மேல் பந்தயம் கட்டுவது 1950களில் பெருகியிருந்தது. 1961இல் அவ்விலைகள் வருவது நின்றது. சூதாடிகள் கலங்கவில்லை. மண்பானையில் எண் எழுதிய சீட்டுகளை இட்டு எடுத்தனர். மட்கா என்ற பெயர் அதனால் நிலைத்தது. நமக்கு வியப்பூட்டுவது இதன்பின் நிகழ்ந்தது. பானையிலிருந்து எடுத்த எண்களையும் நாள்வாரியாக அட்டவணையிட்டு, அதிலும் போக்குக் கண்டு, நாளைய எண் இதுவென்று கணித்தவர்கள் இருந்தனர். பஞ்சுக்காவது விளைச்சல் உண்டு, மழை உண்டு, ஆலைத் தேவை உண்டு. பானைக்கு என்ன உண்டு? எண்கள் வரிசையாக நிற்கக் கண்டால் மனித மனம் அதில் ஒரு வடிவத்தைக் கண்டே தீரும் போலும். கைப்பேசியில் காணும் வடிவங்களுள் எத்தனை பஞ்சின் வகை, எத்தனை பானையின் வகை என்று பிரித்தறியும் வழி, அவற்றை நோக்கும் இளைஞர்களிடம் உண்டா என்பதே நாம் அவர்களிடம் கேட்டது. அவர்கள் சிரித்தனர், விடை கூறவில்லை.

அண்மைக் காலத்தையும் ஒருகணம் நோக்குவோம். 2024 சூன் 3ஆம் நாள், தேர்தல் கருத்துக்கணிப்பை நம்பிச் சென்செக்ஸ் 2,507 புள்ளி ஏறிற்று. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் 4,390 புள்ளி வீழ்ந்தது. முதல்நாள் மாலையில் கோட்டை நோக்கியவர் ஏற்றத்தைக் கண்டார். 2020 மார்ச்சு 23ஆம் நாள், நோய்த்தொற்றின் அச்சத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு 13 வீழ்ந்தது. அன்று கோட்டை நோக்கியவர் படுகுழியைக் கண்டார். ஓராண்டு நிறையுமுன்பே, 2021 சனவரியில், சென்செக்ஸ் 50,000ஐத் தொட்டது.

இவற்றினும் நம் நெஞ்சைச் சுடுவது செபி வாரியம் வெளியிட்ட கணக்கு. பங்குகளின் முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிமனிதர் ஒரு கோடிக்கு மேற்பட்டோருள், 2021–22 முதல் 2023–24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 93 பேர் நட்டமடைந்தனர். நட்டம் சராசரி ஆளுக்கு 2 இலட்சம் ரூபாய், மொத்தம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2024–25இலும் நூற்றுக்கு 91 பேர் இழந்தனர். இவர்கள் எல்லோரும் அறிவிலிகளா? அல்லர். எல்லோரும் ஏதோ ஒரு கோட்டைப் பார்த்தே பணத்தை இட்டிருப்பர். ஒருவர் இழந்தது மற்றொருவர்க்குச் செல்லும் வணிகம் அது. தரகும் வரியும் இருவரிடமிருந்தும் கழியும். எதிர்ப்புறத்தில் அமர்ந்திருப்பது பெரும்பாலும் நம்மைப்போல் ஒருவரன்று. விரைவுக் கணினிகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம்.

இரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இன்னொன்றும் உண்டு. 1966ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி நாம் பங்குகளில் ஊக வணிகம் செய்தலாகாது. அடிக்கடி வாங்கி விற்றலும் ஊக வணிகமாகவே கொள்ளப்படும். சேமிப்புக்காகப் பங்கு வாங்கி வைத்தலுக்குத் தடையில்லை. பிள்ளைகளின் கைப்பேசியில் தம் பெயரில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருக்கும் தந்தையர் இருவர் இக்கூட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் வீடு சென்று அவ்விதியை ஒருமுறை படிப்பாராக.

அங்ஙனமாயின் விலையின் போக்கை அறிவதால் பயனே இல்லையா? உண்டு. காரணம் தெரிந்த போக்கு பயன்படும். வெங்காயம் கொட்டகையில் அழுகும் என்பதும், கரீப் எப்போது வரும் என்பதும் அறிந்த வணிகர், எவ்வளவு இருப்பு வைக்கலாம், எவ்வளவு கடன் தாங்கும் என்று அளவிட்டுக்கொள்கிறார். நாளை விலை இதுவென்று அவர் கூறுவதில்லை. அவரிடம் கேட்டால், "ஏறலாம், ஏறாவிட்டாலும் கடை நடக்கும்படி வாங்கியிருக்கிறேன்" என்பார். லாசல்காவில் மூன்று தலைமுறையாக நிற்கும் மார்வாடி வணிகர் ஒருவர் நம்மிடம் கூறியது இது. நம் இல்லத்தரசியரும் இக்கலையில் வல்லவரே. காய்ந்த மிளகாயும் புளியும் அறுவடை ஒட்டி வாங்கி வைப்போர், விலைப் படம் எதையும் நோக்கியவரல்லர். பொருள் வீட்டில் செலவாகும் என்பது உறுதியாதலின், விலை இறங்கினும் அவர்களுக்கு இடரில்லை.

கடன் சங்கத்துப் பணத்தை இட்ட அப்பிள்ளையின் செய்தியைச் சிலர் வினவினீர்கள். எஞ்சிய தொகையை எடுத்துவிட்டார். பாக்கிக் கடன் அவருடைய தந்தையாரின் சம்பளத்தில் திங்கள்தோறும் பிடிக்கப்படுகிறது; இன்னும் 31 தவணை உள்ளது. அவர் இப்போது மாலையில் நம் சங்கத்துச் சிறுவர்க்குக் கணக்குப் பாடம் நடத்துகிறார். நன்றாக நடத்துகிறார்.

மைத்துனர் இன்றும் காலையில் அழைக்கிறார். "அத்தான், எத்தனை ரேக்?" என்கிறார். எண்ணிக்கையைக் கூறுகிறோம். "எப்படி இருக்கும்?" என்று சிலநாள் கேட்பார். மழை பெய்ததா இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டு, தங்கையின் நலம் விசாரிக்கிறோம். அவளுக்குச் சென்ற தை மாதத்தில் திருமணம் ஆயிற்று, கடன் வாங்கித்தான்.